வெளுத்துப்போன உப்புக்கட்டிகள்

மட்டாஞ்சேரி ஒச்சப்பனைப் பற்றி எழுதுவதென்றால் என் தப்பையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். அதனால்தான் இத்தனை வருஷம் எழுதவில்லை.

பஜாரில் மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தவர். 1978-இல், முப்பத்துமூன்று வயதில், களமசேரியில் நான் ஆராய்ச்சி செய்த கூடத்துக்குத் தற்காலிக உதவியாளராக வந்தார். ஒரே தெருக்காரர்கள், காலையில் ஒரே படகு, ஒரே பஸ். வருஷம் திரும்பினால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று அவர் மனைவி சுப்பம்மாள் தெருமுழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

எங்கள் வேலை உப்புப் படிகங்களில் குறை தேடுவது. காமா கதிர் பட்டால் படிகத்தில் அங்கங்கே ஒரு அணு விலகும். அந்தக் குழியில் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று மாட்டிக்கொள்ளும். பெரிய காந்தத்தின் நடுவில் வைத்து நுண்ணலை செலுத்தினால், அது காகிதத்தில் ஒரு வளைகோடாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இதை நான் விளக்கியபோது ஒச்சப்பன் சிரித்தார்.

"ஒரு குறையைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய காந்தமா? எங்க கிடங்கு மேஸ்திரி மூக்க வச்சே சொல்லிருவாரே, தம்பி."

அந்த ஜூலையில் மழை விடவேயில்லை. வெளியூரில் கதிர் பாய்ச்சி வாங்கிய பொட்டாசியம் குளோரைடு கட்டிகள், நல்ல ஊதா நிறம், கறுப்புக் காகிதத்தில் சுற்றி மேஜைமேல் இருந்தன. சூடு காட்டினால் எலக்ட்ரான் குழியைவிட்டு நழுவிவிடும், நிறமும் போய்விடும். சூடாக்கக் கூடாது என்று எழுதி ஒட்டவேண்டியது என் பொறுப்பு. அவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். எனக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் எழுத வரும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஒட்டாமல் போனேன்.

மறுநாள் அவர் எனக்கு முன்பே போய்விட்டார். காகிதம் நமுத்திருந்தது. ஈரம் பட்ட மிளகை ஒரு மணிநேரம்கூட விட்டுவைக்காத கிடங்கில் பழகிய கை. கட்டிகளை உலர்த்தும் அடுப்பில் வைத்து, சூட்டை முழுக்கத் திருப்பிவிட்டார். நான் போனபோது எல்லாம் வெள்ளைவெளேர். அழுக்கும் போய்விட்டது என்று பெருமையாகக் காட்டினார். கருவியில் வைத்துப் பார்த்தேன். பேனா நேர்கோடு போட்டுக்கொண்டே போயிற்று.

ஆறுமாதம் காத்திருந்து வந்த கட்டிகள். பேராசிரியர் வெங்கிடேஸ்வரன் இருவரையும் கூப்பிட்டு, சீட்டு ஒட்டியிருந்ததா என்று கேட்டார். ஒச்சப்பன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சாரே உணக்கினேன்," என்றார் அவர். "ஈரமாயிருந்துச்சு."

நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. கிடங்குக்கே திரும்பினார். நான் வேறு கட்டிகள் வரவழைத்து, பட்டம் வாங்கி, வெளிநாடு வந்துவிட்டேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதில் அவர் பெயர் இருக்குமோ என்ற பயத்தோடுதான் இன்றும் பிரிக்கிறேன்.

1986 விடுமுறையில் தைரியம் பண்ணிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். சாயா வாங்கிக்கொடுத்தார். சீட்டு ஒட்டாதது நான்தான், பேராசிரியருக்கு எழுதிவிடுகிறேன் அண்ணே என்றேன்.

"அது அன்னைக்கே தெரியும், தம்பி. நீ வாயத் தொறப்பேன்னு பார்த்தேன்." கிளாஸைக் கீழே வைத்தார். "இப்ப எழுதி என்ன? சர்க்கார் வேலைக்கு வயசு கழிஞ்சுபோச்சு. சுப்பம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. நான் மடத்தனம் பண்ணி வேலையத் தொலைச்சேன்னுதான் அவ இன்னும் நினைச்சிட்டிருக்கா."

சரி என்றேன். மறுநாள் மதியம் விமானம். காலை முழுக்க நேரம் இருந்தது. அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறு வாசல் தள்ளி. நான் போகவில்லை.