வேனில் வந்த ஹோம் தியேட்டர்

என் கணவர் தக்காளி வாங்குவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, காம்பைப் பார்த்து, அடியைத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, அப்புறம்தான் தட்டில் வைப்பார். கடைக்காரர் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. துணியில் ஒருமுறை கத்தி இறங்கிவிட்டால் திரும்ப ஒட்டமுடியாது என்பதால், எதையும் இன்னொரு தடவை பார்த்துவிடுகிற குணம் ஊறிப்போய்விட்டது. அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பல்லடம் ரோட்டோரத்தில், முன்பின் பார்த்திராத இரண்டு பேரிடம் ஹோம் தியேட்டர் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஸ்கூட்டரின் முன்னால் அவர் காலை வைக்கவே இடமில்லாத அளவுக்குப் பெரிய அட்டைப்பெட்டி. இரண்டு முழங்காலையும் வெளியே விரித்து வைத்துக்கொண்டு, தேர் ஓட்டுவதுபோல ராயபுரத்துச் சந்துக்குள் வந்து நின்றார்.

"ஏனுங்க, இதென்னதுங்க?"

"மொதல்ல ஒரு கை புடி புள்ள. கனத்தைப் பாரு. இந்தக் கனம் இருந்தாத்தான் ஒரிஜினலு."

கனம் இருந்தது உண்மைதான். இரண்டு பேரும் மூச்சு வாங்க உள்ளே தூக்கிவந்து வைத்தோம். காபி குடித்துக்கொண்டே கதையைச் சொன்னார். வெள்ளை வேனில் இரண்டு பேர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. கோயம்புத்தூரில் ஏதோ கண்காட்சி முடிந்து திரும்புகிறார்களாம். கணக்கில் வராத இரண்டு செட் மிச்சமாகிவிட்டதாம். திருப்பிக்கொண்டு போனால் மேலதிகாரி கேள்வி கேட்பாராம். "அண்ணன் முகத்தைப் பார்த்தாலே நல்ல பொருளோட அருமை தெரிஞ்சவர்னு தெரியுது" என்று ஒருவன் சொன்னானாம். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் என் கணவரின் குரல் கொஞ்சம் மெதுவானது.

"போன்ல ஸ்கேன் பண்ணிக் குடுத்தீங்களா?"

"அதெப்படி? அவிங்க கம்பெனிக்குத் தெரிஞ்சு போயிருமல்லோ. கையிலதான் குடுத்தேன்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"வேனுக்குள்ள போட்டுக் காட்டுனாங்க புள்ள. ரோடே அதிருது!"

நான் அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து வயசுப் பையனின் முகம் அவருக்கு அன்றைக்கு வந்திருந்தது. பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே கறுப்பாக, பளபளவென்று, வெள்ளி வளையம் போட்ட பெரிய ஸ்பீக்கர் ஒன்று. கூடவே சின்னதாக நான்கு. பார்க்க அவ்வளவு லட்சணம். டிவியோடு இணைத்துப் பாட்டுப் போட்டோம். பக்கத்துத் தெருவில் யாரோ முணுமுணுப்பதுபோலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினார். முணுமுணுத்தவர் இரண்டடி கிட்டே வந்தார், அவ்வளவுதான்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். ஓட ஓடத்தான் சவுண்டு தெறக்கும்" என்றார்.

ஞாயிறு முழுக்க ஓடியது. திங்கட்கிழமை கம்பெனி விட்டு வந்தபோது அந்த முணுமுணுப்பும் நின்றுபோயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், பின்பக்கப் பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னாச்சுங்க?"

"கல்லு."

"என்னதுங்க?"

"உள்ள கல்லு வெச்சிருக்கறாங்க புள்ள."

சிமெண்டுக் கல். நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், குழந்தைகளின் விளையாட்டுச் சாமானில் இருக்குமே, அந்த அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கர். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். தோசை கருகுகிற வாசனை வந்ததால் தப்பித்தேன். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "யாருகிட்டயும் சொல்லிப்போடாத" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. கம்பெனி போகிற வழியில் வெள்ளை வேன் எது வந்தாலும் வண்டியை மெதுவாக்கி உள்ளே பார்க்க ஆரம்பித்தார். பால் வேன், பள்ளிக்கூட வேன் எதையும் விடவில்லை.

எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண் டெய்லராக இருக்கிறாள், அவள் கணவருக்கு டையிங்கில் துணிக்குச் சாயம் போடுகிற வேலை. தண்ணீர் வருகிற நாளில் குடத்தோடு நிற்கும்போது பேசிக்கொள்வோம், அதற்கு மேல் பழக்கமில்லை. ஒருநாள் அவள் கொடுத்த கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஏசு படம் மாட்டிய சுவருக்குக் கீழே, எம்பிராய்டரித் துணி போர்த்திய ஒரு ஸ்டாண்டு. அதன்மேல் தண்ணீர் டிரம். காற்றில் துணியின் ஓரம் லேசாகத் தூக்கியது. உள்ளே வெள்ளி வளையம்.

நான் வளையத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"யக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லிராதீக. கிறிஸ்துமஸுக்கு அவுகளுக்குப் பரிசு குடுக்கணும்னு வாங்குனேன். பெறவு பாத்தா..."

"உள்ள கல்லா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"எங்க ஊட்ல கட்டிலுக்கு அடியில கெடக்குதுங் கண்ணு."

அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. அவள் புருஷனிடம் அதைத் தண்ணீர் டிரம் வைக்கிற ஸ்டாண்டு என்றே சொல்லியிருக்கிறாள். அவரும், "நல்ல உறுதியா இருக்கே" என்று பாராட்டியிருக்கிறார்.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். தான் மட்டும் ஏமாறவில்லை என்றதும் என் கணவர் அன்று கூடுதலாக ஒரு தோசை சாப்பிட்டார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோட்டோரத்தில் குவித்து விற்கிற பனியன் கடைகளுக்குப் போனோம். அடுத்த வீட்டுப் பெண்ணும் கூட வந்தாள். அவள் அக்கா பிள்ளைகளுக்கு டீஷர்ட் வேண்டுமாம். குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"யக்கா, அந்தா பாருங்க."

கடைகள் முடிகிற இடத்தில் வெள்ளை வேன். என் கணவர் சொன்னபடியே இஸ்திரி போட்ட சட்டைகள், கழுத்தில் அட்டை. அவர்களுக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்த ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் முக்காட்டைப் பல்லில் கடித்தபடி ஆசையாகப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தான். கனமாக இருந்ததில் அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் எங்கள் வாசலில் பார்த்திருக்கிறேன்.

கிட்டே போய்விட்டேன். போனபிறகுதான் தெரிந்தது, எனக்கு இந்தி வராது. வாங்காதே என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்? நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில், பழுதான பீஸைப் பார்த்து ஒதுக்குகிற வேலை பார்க்கிறவள். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"ரிஜெக்ட்! ரிஜெக்ட் பீஸ்! ரிஜெக்ட்!"

கொஞ்சம் சத்தமாகத்தான் கத்திவிட்டேன். அந்தப் பெண் பெட்டியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பனியன் கிளறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஒடிசாக்காரரோ மதுரைக்காரரோ, இந்த ஊரில் அந்த வார்த்தை புரியாத ஆள் கிடையாது.

"மேடம், வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லைன்னா வழி விடுங்க" என்றான் ஒருவன். பேச்சு அவ்வளவு சுத்தம், செய்தி வாசிப்பதுபோல.

அதற்குள் அடுத்த வீட்டுக்காரி வந்துவிட்டாள். "யண்ணே, இதைக் கொஞ்சம் கழத்திக் காட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு நானே ரெண்டு வாங்கிக்கிடுதேன்."

"கழட்டினா வாரண்டி போயிடும்மா."

"கல்லுக்கு எதுக்குண்ணே வாரண்டி?"

கூட்டம் சிரித்தது. என் கணவர் இவ்வளவு நேரமும் பனியன் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். இப்போது மெதுவாக முன்னால் வந்தார். முகம் சிவந்து, மீசை துடித்தது. அவரை அவ்வளவு கோபத்தில் நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, என்னைய ஞாபகம் இருக்குதுங்களா?"

அந்த ஆள் முழித்தான்.

"இப்பிடிப் பண்ணுனீங்கன்னா நல்லாருப்பீங்களாங்க? எம் பணத்தைக் குடுத்துப்போடுங்க சாமி. இல்லீன்னா நான் மனுசனா இருக்க மாட்டனுங்க!"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சண்டையிலும் பேச்சில் 'ங்க' போகாது. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்து அவர்கள் பயந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒருவன் "பில் இருக்கா சார்?" என்று இழுத்தபடியே பின்னால் நகர்ந்தான். இன்னொருவன் எப்போது வண்டிக்குள் ஏறினானோ, வேன் உறுமியது. கதவைச் சாத்தாமலேயே கிளம்பி, ஒரு பழ வண்டியை உரசிக்கொண்டு போய்விட்டது. என் கணவர் கொஞ்ச தூரம் ஓடினார். செருப்பு அறுந்ததும் நின்றுவிட்டார்.

வடக்கத்திக்காரன் மட்டும் நடுரோட்டில் பெட்டியும் கையுமாக நின்றான். அவன் இன்னும் காசு கொடுத்திருக்கவில்லை. பனியன் கடைக்காரர் கத்தரிக்கோல் கொடுத்தார், இன்னொருவர் எங்கிருந்தோ ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தார். திறந்தால் அதே சிமெண்டுக் கல். அந்தப் பெண் முக்காட்டுக்குள்ளிருந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை; ஆனாலும் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மரியாதையாக என் கணவரின் முன்னால் வைத்தான்.

"வேண்டாமுங்க" என்று அவர் பதறிப்போய்க் கும்பிட்டார். "எங்க ஊட்ல ஒண்ணு இருக்குதுங்க."

யாரோ வேனைப் போட்டோ எடுத்திருந்தார்கள். அதையும் பெட்டியையும் போலீஸிடம் கொடுத்துவிட்டு வந்தோம். வண்டி நம்பரே போலியாக இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். பணம் இன்றுவரை வரவில்லை, வரும் என்ற எண்ணமும் எங்களுக்கு இல்லை.

திரும்பும்போது மூன்று பேருக்கும் நல்ல பசி. தள்ளுவண்டியில் மூன்று பிளேட் காளான் மசாலா வாங்கி, ரோட்டோரத்தில் நின்றபடியே சாப்பிட்டோம். என் கணவருக்கு உற்சாகம் திரும்பியிருந்தது. தான் ஓடிய ஓட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அடுத்த வீட்டுப் பெண்ணிடம், "ஆமா, நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எங்களுடையதில் சரிபாதி.

அவர் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. "பாதியா?"

"மொதல்ல கூடத்தாண்ணே சொன்னாவ. நான் வேண்டாம்னு திரும்பி நடந்தேன். பின்னாலயே ஓடி வந்து குடுத்துட்டுப் போனாவ."

அவர் மீதிக் காளானைத் தள்ளுவண்டியிலேயே வைத்துவிட்டார். அவள் சாயங்கால ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதென்று முன்னால் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வந்தார். கல்லைப் பார்த்த அன்றுகூட அவர் இவ்வளவு வாடியதில்லை. எங்கள் சந்து திரும்புகிற இடத்தில் நின்றார்.

"ஏம் புள்ள, திரும்பி நடந்தாப் பின்னாலயே வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லியே?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் வேகமாக நடந்துவிட்டேன்.