துள்ளாத புழுக்கள்

காலை ஐந்தரைக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறவன் நான். உப்பு ஏரிச் சேற்றில் வாழும் புழுக்களைப் பிடித்துவரப் புறப்பட்டேன். கார்வேட்டிநகரம், புத்தூர், சத்தியவேடு என்று மாறி மாறி இடுப்பு கழன்று தடாவில் இறங்கியபோது மணி பதினொன்று. பழவேற்காடு ஏரிக்கரைக்கு ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய்.

"சேறு எடுக்கவா இம்மாந்தூரம்? மீ ஊர்ல லேதா சார்?" என்றார் டிரைவர். கடல் வந்துபோகிற சேறு எங்கள் ஊரில் ஏது!

கரையில் கன்னியப்பன் காத்திருந்தார். தூண்டில்காரர்களுக்குப் புழு தோண்டி விற்பவர். சத்தியவேடு பக்கம் நிலமில்லாத குடும்பம். மகள் சுகுணாவுக்கு மாத்திரை கம்பெனியில் வேலை கிடைத்ததும் இங்கே வந்துவிட்டார்கள். முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு கை அள்ளி நீட்டினார். விரல் நீளத்தில் நாலைந்து புழுக்கள். உயிர் இருந்தது, நெளியவில்லை.

"முன்னெல்லாம் நெழல் பட்டாலே வளைக்குள்ள பூடும் சார். இப்போ பாருங்க, தூங்கிக்கினு கீது."

"பிடிக்கச் சுலபம்தானே?"

"அட போங்க சார்! நெளியாத புழுவ எந்த மீனு துன்னும்?"

வாங்குவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்களாம். சற்றுத் தள்ளி ஓர் ஓடை ஏரியில் கலந்துகொண்டிருந்தது. கம்பெனித் தண்ணீர். அங்கே செய்வது பதற்றம் தணிக்கிற மாத்திரை என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த மருந்துதான் புழுக்களையும் மந்தமாக்குகிறதோ?

என் முகத்தைப் பார்த்துவிட்டார் மனிதர். "கம்பெனி வம்புக்கு மட்டும் போவாதீங்க சார். எம் பொண்ணு பொயப்பு அது."

போகமாட்டேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

சேற்றையும் புழுக்களையும் பாட்டிலில் அடைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து சுகுணா வந்தாள். "புழு வித்துச்சா நைனா?"

"அல்லாம் பூட்ச்சும்மா." கண்ணிமைக்காமல் புளுகினார். அவள் சிரித்தபடி சோறு போட்டாள். குழம்பில் கிடந்த பெரிய மீன் துண்டு அப்பாவின் தட்டுக்குத்தான் போயிற்று.

ஐந்து மணிக்கு என்னை பஸ் ஏற்ற அவள் மட்டும் வந்தாள். டிபன் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள்.

"மாத்திரை செய்யற பாத்திரம் கழுவன தண்ணி சார். நான்தான் கழுவறேன். அப்டியே ஓடையில வுடறாங்க. இதையும் டெஸ்ட் பண்ணுங்க."

"ஐயோ, உன் வேலை போய்விடுமேம்மா!"

"போவட்டும் சார். டெய்லி புழுவ சேத்துலயே திருப்பிக் கொட்டிட்டு, வித்துட்டேன்னு சொல்லுது நைனா. எத்தினி நாளு நம்பற மாதிரி கேட்டுக்கினு இருப்பேன்? அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பஸ்ஸில் சேற்றுப் பாட்டிலையும் அவள் கொடுத்ததையும் மடியிலேயே வைத்திருந்தேன். கண் கலங்கியது; சொல்ல என்ன வெட்கம். எங்கள் தெருக் குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தாலும் வாயைத் திறக்காத ஆள் நான். கன்னியப்பன் என்னிடம் காப்பாற்றச் சொன்னது அவள் வேலையை. அதைத்தான் அவள் என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை இரண்டு பாட்டில்களையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கன்னியப்பனுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.