பத்தொன்பதாம் எண் கதவு

நெய்வேலிக்கு வேலைக்கு வரும் நம் பக்கத்து ஆட்கள் முதல் மாதத்தில் ஒருமுறையாவது அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். நான் நேராக அடுப்படிக்கே போய்விட்டேன். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு, ஒரே பச்சைக் கதவு. "ஏனுங்க, யாரு வேணுங்க?" என்றார் கோயமுத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், கையில் கரண்டியோடு. மானம் போயிற்று. கோவில்பட்டிக்குத் தெற்கே நம் ஊரில் கதவுக்கு எண் எதற்கு? இன்னார் மகள் வீடு என்றால் பஸ் கண்டக்டரே வழி காட்டுவார். இங்கே பிளாக்கும் எண்ணும் சொல்லாவிட்டால் நான் யாரோ.

எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை டீச்சரான என் தலையில் விழுந்தது. டவுன்ஷிப் எல்லையில், முந்திரித் தோப்பை ஒட்டிப் புதிதாக நிறையக் குடிசைகள். ஆலங்கொல்லை என்ற ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டபின் அந்த ஊர்க்காரர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். என் பட்டியலில் அவர்கள் இல்லை. மேற்பார்வையாளரைக் கேட்டேன். "ஆலங்கொல்லை ஆளில்லாத ஊர்னு எழுதியாச்சு டீச்சர். விட்டுட்டு வாங்க" என்றார்.

இதை அப்படியே அங்கே முதல் குடிசையில் இருந்த அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன், புத்திகெட்டவள். கான்ட்ராக்டில் மண் சுமப்பவள் அவள். வாய்க்கு யாரும் ஈடு இல்லை.

"ஆளில்லாத ஊரா? அப்ப நான் யாருங்க, பேயா? கணக்குல இல்லன்னா எங்களுக்குக் கொழா எப்படிங்க போடுவாங்க? எல்லாரையும் எழுதிக்கினு போங்க!" என்று கதவைப் படாரென்று சாத்தினாள்.

சாத்திய கதவில் காவியால் 27 என்று எழுதியிருந்தது. பக்கத்துக் குடிசையில் 4. அடுத்ததில் 33. எனக்குப் புல்லரித்துவிட்டது. முந்தின வருஷம் கணக்கெடுப்புக்காக வீடுகளுக்கு எண் போட்டபோது ஆலங்கொல்லை இருந்தது. காலி செய்தபோது சுவரை விட்டுவிட்டுக் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். நல்ல பலா மரக் கதவு, யார் விடுவார்கள்?

மறுநாள் மேற்பார்வையாளரைப் பழைய வீட்டுப் பட்டியலோடு இழுத்துவந்தேன். முதல் கதவிலேயே மனிதர் நின்றுவிட்டார். "அடடே, இந்த ஏழு நான் போட்ட ஏழாச்சே!" பிறகு தொண்டையைச் செருமினார். "பட்டியல்ல நாப்பத்தோரு வீடு. அத்தனை கதவும் இருந்தா ஊரே இடம் மாறிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். ஒண்ணு கொறஞ்சாலும் மேல என்னைக் கேப்பாங்க."

நாற்பது கிடைத்தன. பத்தொன்பதைக் காணோம். அஞ்சலை தெரு நடுவில் நின்று கத்தினாள்: "பத்தொம்போது யாருடி?"

"இங்கதான் அக்கா! எழுந்துக்க முடியல!" என்று கடைசிக் குடிசையிலிருந்து குரல்.

அங்கே வாசலில் சாக்குதான் தொங்கியது. உள்ளே ஈரத்தரை ஆகாதென்று, அடுக்கிய செங்கல் மேல் கதவைக் கிடத்திப் பாய் விரித்துப் படுத்திருந்தாள் ஒரு பிள்ளை பெற்றவள். பாயின் ஓரத்தை நானே தூக்கிப் பார்த்தேன். பத்தொன்பது! பக்கத்தில் ஆறு நாள் குழந்தை ஒன்று கொட்டாவி விட்டது. 'பெயர் வைக்காத பெண் குழந்தை' என்று அதையும் எழுதினேன். மேற்பார்வையாளர் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். அஞ்சலை என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சந்தோஷத்தில் நானும் குதித்தேன். பிற்பாடு குழாய் வந்தபோது முதல் குடத்தை எனக்குத்தான் பிடித்துக் கொடுத்தார்கள்.

கையெழுத்தான அந்த வாரமே ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. 'கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடம் உன் பேரையும் சொல்லிவிட்டேன். நீ வேலைக்குத்தானே போயிருக்கிறாய், வீடு இதுதானே.' அதற்குள் குவார்ட்டர்ஸிலும் என் பெயர் ஏறியிருந்தது. ஒன்றை அடிக்கச் சொல்லி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எதை அடிக்கச் சொல்வது? மூடி வைத்துவிட்டேன். அந்த வருஷ இந்திய ஜனத்தொகையில் ஓர் ஆள் அதிகம். அது நான்தான்.