அண்ணி மூடாத வரிகள்

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் நான் அடுப்பைப் பார்க்கிறேன். என் அண்ணி கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். பார்க்கிறார் என்பது பேருக்குத்தான். அதன் முன்னால் அவர் உட்கார்ந்து நான் கண்டது குறைவு.

திரையில் கட்டிலுக்கு ஒரு வரி. யாருக்குச் சோறு, யாருக்குக் கஞ்சி என்று அதில் இருக்கும். சும்மா பார்த்தால் படிக்கத்தான் முடியும். பென்சில் படத்தைத் தொட்டால் அந்த வரி திறக்கும், மாற்றி எழுதலாம். சேவ் கொடுத்தால் மூடிக்கொள்ளும். ஒருவர் திறந்து வைத்த வரியில் வேறு யாரும் கைவைக்க முடியாது.

அண்ணி திறப்பார், மூடமாட்டார். நோயாளியை நேரில் கேட்காமல் எழுதுவது பாவமாம். திறந்தது திறந்தபடி மாடிக்குப் போய்விடுவார். வழியெல்லாம் நலம் விசாரிப்பு வேறு. மேனேஜர் கத்திப் பார்த்தார், நான் கெஞ்சிப் பார்த்தேன். திறந்து கிடந்தால்தான் ஞாபகம் இருக்கும் என்பார். மற்றவர்கள் முந்தானையில் போடும் முடிச்சை இவர் திரையில் போடுகிறார். அவிழ்க்கத்தான் எங்களால் முடிவதில்லை.

போன வாரம் மாடியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். தொண்டை ஆபரேஷன் ஆன ஏழாம் கட்டில்காரருக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது, கஞ்சி என்று மாற்றப் போனால் உங்கள் அண்ணி வரியைத் திறந்து வைத்திருக்கிறார் என்றார். சேவ் கொடுக்காதவரை, தட்டு போடச் சமையற்கட்டில் அச்சாகும் சீட்டில் பழையபடி சோறுதான் வரும். அந்தத் தட்டு ஏற்கெனவே வண்டியில் போயிருந்தது. தட்டைப் பிடியுங்கள் என்று சொல்வதற்குள் நர்ஸ் போனை வைத்துவிட்டார்.

கையில் கரண்டியோடு ஓடினேன். கடவுளே, ஒரு பருக்கைகூட உள்ளே போகக்கூடாது என்று படிக்குப் படி வேண்டிக்கொண்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஏழாம் கட்டில்காரர் கவளத்தை எடுத்துவிட்டார். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"பசிக்குதும்மா" என்றார், குரலே எழாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பினால், நாலு கட்டில் தள்ளி அண்ணி யாருடைய பேத்தி பிறந்த கதையையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அண்ணி, ஏழாம் வரியைத் திறந்துட்டு இங்க என்ன பண்றீங்க?"

"டாக்டர் கஞ்சின்னு சொன்னாரு, மாத்தத்தான் திறந்தேன். உப்பு போடலாமா வேணாமான்னு சாப்பிடறவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவர் கையில சோறு இருக்கு, அண்ணி."

அண்ணியின் முகம் வெளுத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் கீழே இறங்கினார். கஞ்சி என்று மாற்றி வரியை மூடினார். கஞ்சியை ஆற்றி அனுப்பினேன்.

திரும்பிப் பார்க்கிறேன், பதினோராம் வரியைத் திறந்துவிட்டு அண்ணி எழுந்து நிற்கிறார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"முதல்ல மூடுங்க. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

அன்றிலிருந்து மாடி ஏறுவது நான்தான். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. வரிகள் மூடியிருக்கின்றன.