விசாரணைக் காட்சி

எங்கள் ரயில் பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. திருவள்ளூர் தாண்டுகிற வரை யாரும் தொடரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. திருத்தணியில் என்னோடு ஏறும் வங்கி அக்காவுக்கு வீட்டில் பார்க்க நேரமில்லை. புதுப் பகுதியை ஜன்னலோரத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றியதும் பஞ்சாயத்து தொடங்கும். ஆவடியில் பைக் ஷோரூமில் வேலை பார்க்கும் கே.ஜி.கண்டிகைத் தம்பிதான் மூன்றாவது ஆள். இந்த விண்கலத் தொடரை விட்டால் எங்கள் மூவருக்கும் பொதுவாக எதுவும் கிடையாது.

கதை இதுதான். ஒரு கேப்டன் முதல் சீசனிலேயே தன் ஆட்களைப் பனிக் கிரகம் ஒன்றில் இறக்கிவிட்டு, இதோ வருகிறேன் என்று கலத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். ஆட்கள் செத்தது போக மிச்சம் பேர் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறார்கள். அவன் வந்தால் உட்கார வைத்து விசாரிக்க ஒரு கூடத்தையே கட்டுகிறார்கள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் அங்கே போட்டிருக்கும் காலி நாற்காலியைக் காட்டுவார்கள். நான் அந்த நாற்காலிக்காகத்தான் பார்த்தேன்.

கடைசிப் பகுதியில் ஒருவழியாக அவன் வந்தான். பாதி நேரத்தை வானத்துச் சண்டை தின்றுவிட்டது. மீதியில் கூடத்துக்குள் நுழைகிறான், நாற்காலி பக்கம்கூடப் போகவில்லை, கண் கலங்குகிறது. ஒரு கிழவி எழுந்து வந்து கட்டிப்பிடிக்கிறாள், எல்லாரும் சல்யூட் அடிக்கிறார்கள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று பெட்டியில் யாருக்கும் தெரியாது. நான் எட்டாவது படிக்கும்போது, அறுந்துபோன என் செருப்பைத் தைத்து வாங்கி வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போன நைனா, நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வரை வரவில்லை. ரேணிகுண்டாவில் பார்த்தேன் என்று ஒருவர் சொல்வார், லாரியில் போகிறார் என்று இன்னொருவர் சொல்வார். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்து என்னைப் படிக்க வைத்தாள்.

சில வருஷங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகை நெருங்கும் சமயம், ஒரு காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். முருகனுக்கு மாலை போட்டவர் எங்கள் வீட்டில் சாமி. பெற்ற பிள்ளையே மாலை போட்டாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மாலை கழுத்தில் இருக்கிற வரை அவரை எதிர்த்துப் பேசக்கூடாது, மனம் நோகும்படி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் கழித்து அம்மா அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "வாங்க சாமி."

காவடி எடுத்து, மலையேறி, மாலையைக் கழற்றுவதற்குள் அவர் ஒழுகும் குழாயைச் சரிசெய்திருந்தார், ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார், பக்கத்து வீட்டுக்காரரோடு அரசியல் பேசி சிநேகமாகியிருந்தார். கழற்றிய அன்று நான் வாயெடுத்தேன். அம்மா மறித்துக்கொண்டாள். "இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம் கெளறிகினு? வந்துட்டாரு இல்ல, வுடு." அம்மா அதைப் பக்தி என்று நம்புகிறாள். நான் நம்பவில்லை. எதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் கூத்து, அவரும் தொடருக்கு ரசிகராகிவிட்டார். நான் வாங்கிய டிவியில் தெலுங்கில் வைத்துப் பார்ப்பார். விட்டுப்போன சீசன்களை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கதையாகக் கேட்பார். "அந்த ஆளு இன்னாத்துக்கும்மா போனான்?" என்று அவர் கேட்டபோது என் வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. "கடைசிலதான் சொல்லுவாங்களாம், நைனா" என்றேன்.

கடைசிப் பகுதி வந்த மறுநாள் காலை அக்கா பார்த்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எபிசோடு கொறைச்சுட்டாங்களாம்க்கா" என்று தம்பி ஆரம்பித்தான். "அவசரமா முடிச்சுதானே ஆவணும்."

"சண்டைக்கு மட்டும் நேரம் இருந்துச்சு இல்ல?" என்றேன். "விசாரணைக்கு இல்லையா?"

வங்கி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் வாயால சொல்லணுமா? அவன் கண்ணு கலங்குச்சு பாரு, அதுலயே எல்லாம் வந்துட்ச்சு."

"அவன் கண்ணு கலங்கினா பனியில கெடந்தவங்களுக்கு இன்னா கெடச்சுச்சு? ஏன் வுட்டுட்டுப் போனேன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேக்க வேணாமா?"

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. எதிரில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாமா இது, உன் வூட்டு வழக்கு மாதிரி பேசுற" என்று அக்கா சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க ஆபீசில் வேலை ஓடவில்லை. கதை எழுதுகிறவர்கள் கேட்காமல் விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, என் வீட்டில் நான் கேட்கலாமே என்று தோன்றிவிட்டது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். என் செருப்பை எங்கே போட்டீர்கள் என்று மட்டும் கேட்பது. அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு நடந்தவள் நான், எனக்கு அந்த ஒரு பதில் வேண்டும். மாலை ரயிலில் திரும்பும்போது அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். அம்மாவின் செருப்பு இருந்தது. அவர் செருப்பு வழக்கமான இடத்தில் இல்லை. கழற்றிக் கழுவி, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. ஆடி பிறந்துவிட்டதை நான் மறந்தே போயிருந்தேன்.

உள்ளே அவர் மஞ்சள் வேட்டியில், டிவிக்கு முன்னால் விரிப்பில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் காலையில் போட்ட மாலை. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்பதாம்மா பாத்து முடிச்சேன்" என்றார். "நல்லா முடிச்சுட்டான். வந்தவன நிக்க வச்சு யாரும் ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா? மனுசங்கன்னா அப்பிடி இருக்கணும்."

அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும் டம்ளரில் பாலோடு அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"ஆங், சாமி" என்றேன்.