முப்பத்தாறு கம்பியும் ஒரு எலுமிச்சம்பழமும்

என் மனைவிக்குப் பஸ் ஆகாது. ராசிபுரத்தைத் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். அவளுடைய அம்மாவுக்கு அஸ்தம்பட்டி கிளினிக் ஒன்றில் புதன்கிழமை கண்புரை ஆபரேஷன். துணைக்கு என் மைத்துனன் இருந்தான். வியாழன் காலை கட்டுப் பிரிப்பார்கள். "கட்டப் பிரிக்கறப்ப நான் முன்னால நிக்கோணுங்க" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பைக்கில் கூட்டிப்போவதாக நானும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அவளைப் பின்னால் வைத்துக்கொண்டே பள்ளத்தில் விட்டு முன்சக்கரத்தை வளைத்தவனும் நான்தான்.

"புது ரிம், புதுக் கம்பி போட்டு நாளைக்குச் சாயங்காலம் குடுத்தர்றனுங்க" என்றார் மெக்கானிக். சரி என்று வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"நாலாயிரம் இழைப் பாவு பிணைக்கிற கைங்க இது. முப்பத்தாறு கம்பி எம்மாத்திரம்?"

பைக்கைக் கடையில் விட்டுவிட்டு, சக்கரத்தின் ஹப்பையும் புது ரிம்மையும் கம்பிகளையும் தூக்கிக்கொண்டு மனைவியோடு வீட்டுக்கு வந்தேன். கிளம்பும்போது அவர் ஏதோ விளக்கினார். "தெரியுமுங்க, தெரியுமுங்க" என்று நான் தலையாட்டியது மட்டும்தான் ஞாபகம்.

பாவு பிணைப்பதென்றால், தறியில் முடியப்போகும் பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்த்து முறுக்குவது. ஓர் ஓரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக முடித்து மறு ஓரத்துக்குப் போக வேண்டும். அரைகுறையாக விட்டு அடுத்ததைத் தொட்டால் சிறுவயதில் எனக்கு முதுகில் அடி விழும்.

புதன்கிழமை சக்கரத்துக்கும் அதே மரியாதையைக் கொடுத்தேன். முதல் கம்பியை ஹப்பில் கோத்து, ரிம்மில் மாட்டி, மரை உள்ள மட்டும் முறுக்கினேன். பிறகு இரண்டாவது. முப்பதாவது கம்பி வரை என்னைப் போல ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. மிச்சம் ஆறும் ரிம்மை எட்டவே இல்லை.

"கட்டைக் கம்பியக் கலந்து குடுத்துட்டாரு!" என்று கத்தினேன்.

மனைவி வந்து எட்டாத கம்பியையும் மாட்டிய கம்பியையும் அளந்து பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம்.

"ஹப்பு ஒருபக்கமா இழுத்துட்டு நிக்குது பாருங்க. மொதல்ல எல்லாத்தையும் லூசா மாட்டிட்டு, அப்பறம் சுத்திச் சுத்திக் கொஞ்சங்கொஞ்சமா முறுக்கோணும்னு அவரு சொன்னாருங்களே."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"தெரியும் தெரியும்னீங்களே."

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கோத்தேன். கோட்டம் எடுக்க எடுக்க, வலப்பக்கம் இருந்த கோணல் இடப்பக்கம் வந்தது. சாயங்காலம் வெட்கத்தை விட்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது மனைவி ஊருக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தப் பழத்திடம் என்ன சொல்வது? அவமானமாக இருந்தது.

காலையில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிப் பழத்தை மோந்துகொண்டே வந்தாள். கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கட்டை எடுத்ததும் டாக்டர், "தெரியுதாம்மா?" என்றார்.

மாமியார் கண்ணைச் சிமிட்டி, எதிரில் நின்ற மகளின் முகத்தையே பார்த்தார்.

"ஏஞ்சாமி, பஸ்லயா வந்தே?"

"பார்வை நல்லா வந்துருச்சு" என்றார் டாக்டர். மாமியாரின் பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது. கிரீஸ் போகாத கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.