விண்ணரசியின் கோணல் பந்து

மைசூரு விஜயநகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பூங்காவில், தினமும் காலை ஆறு மணிக்கு என் மனைவி விண்ணரசி பந்து உருட்டுவாள். ஒன்றரைக் கிலோ கனம். நேராகப் போகிற மாதிரி போய், வேகம் குறைந்ததும் ஒரு பக்கமாக வளையும். நடக்க வரும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், பால் சரி இல்லா. சொட்டகே ஹோக்தா இதே. அங்கடிகே வாப்பஸ் கொடி" என்றார். பந்து கோணலாகப் போகிறதாம், கடையில் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். அந்தப் பந்தைச் செய்வதே ஒரு பக்கம் இழுக்கும்படிதான், அந்த இழுப்பை அனுசரித்து உருட்டுவதுதான் ஆட்டமே என்று என் ஓட்டைக் கன்னடத்தில் விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பில் இருக்கிறதா என்று கேட்டார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு மட்டும் புரிந்துவிட்டதா என்ன? லான் பவுல்ஸ் என்றதும், "கோலிக்குண்டா மாப்ள?" என்று கேட்டவர்தானே திண்டுக்கல்லில் என் மச்சான்! புல்தரையில் தூரத்தில் ஜாக் என்று ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். யார் பந்து அதை ஒட்டி நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. சொன்னால் இவ்வளவுதான். உருட்டிப் பார்த்தால் தெரியும் சேதி. கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிந்த விண்ணரசி, நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து, முப்பத்தெட்டு வயதில் உடன் வேலை பார்க்கும் சவிதா இழுத்துப்போய் இதில் இறங்கினாள். வார்டில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு பழகி, ஐந்தே வருடத்தில் கர்நாடக அணிக்குக் கேப்டன். இன்று சர்வதேசப் பதக்கங்கள் மூன்று வைத்திருக்கிறாள். அதில் முதலாவது கிட்டத்தட்டக் கைநழுவிப் போனது.

கொல்கத்தாவில் தேசியப் போட்டி, இறுதி ஆட்டம். இதைப் பார்த்துத்தான் இந்திய அணிக்கு ஆள் எடுப்பார்கள். "இந்த வருஷம் விட்டா அப்புறம் எனக்குக் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். எதிரணி தமிழ்நாடு. இந்த ஆட்டத்தில் ஜாக் பக்கத்தில் ஒருத்தி நின்று, உருட்டுகிறவளுக்கு யோசனையைக் கத்திச் சொல்வாள். தூத்துக்குடிக்காரி சாந்தி, கர்நாடகத்துக்காரிகளுக்கு என்ன புரியப்போகிறது என்று தைரியமாகத் தமிழில் கத்தினாள். "அவுங்க பந்தத் தட்டாத! பின்னாடி ஒண்ணு காவலுக்குப் போடு!"

மூன்று சுற்று கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. கர்நாடகா முன்னிலை. நான்காவது சுற்றில் சாந்தியிடம் போய், "அக்கா, எனக்குத் தமிழ் தெரியும். நான் திண்டுக்கல்லு. இதுவரைக்கும் நீங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பாவி மகள்!

"யாக்கக்கா ஹேளிதே? சும்னே இர்பார்தா?" என்று அழாத குறையாகக் கேட்டாள் சவிதா. ஏன் சொன்னாய், சும்மா இருக்கக்கூடாதா? எனக்கும் அதே கேள்விதான். சாந்தி மட்டும் சிரித்தாள். "தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. நாங்க சொல்றத எங்க பந்து கேக்கணும்லா?"

பந்து கேட்டது. ஒரே ஒரு புள்ளியில் நாங்கள் தோற்றோம். திரும்பும் ரயிலில், "ரொம்ப நல்லவளா இருந்து என்னத்தக் கண்ட?" என்று எரிந்து விழுந்தேன். "ஒட்டுக்கேட்டு ஆடுற மாதிரி இருந்துச்சுங்க. எனக்குக் கையே ஓடல" என்றாள். இவளுக்குப் புருஷனாக இருக்க எனக்கு என்ன தகுதி என்று, அந்த ரயிலில்தான் முதன்முதலாகத் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து இந்திய அணிப் பட்டியல் வந்தது. சாந்தியும் இருந்தாள், இவளும் இருந்தாள்.

வெளிநாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியின் இறுதி ஆட்டத்தை நான் வீட்டில் போனில் பார்த்தேன். ஆட்டம் சமநிலை, கடைசிப் பந்து விண்ணரசி கையில். எதிர்முனையில் ஜாக் பக்கத்தில் சாந்தி. இவள் உருட்டினாள். பந்து வளையத் தொடங்கியதும் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "பா, பா, பா!" என்று கன்னடத்தில் அதைக் கூப்பிட்டாள் திண்டுக்கல்லில் பிறந்தவள். அந்தப் பக்கம் சாந்தி குனிந்து, "வா, வா, வந்துரு!" என்று கெஞ்சினாள். பந்து ஜாக்கைத் தொட்டு நின்றது. தங்கம்!

கீழ்வீட்டு அம்மா பதறி மாடியேறி வந்தார். இவ்வளவு நேரம் நான் கத்தினேனாம். எனக்கு நினைவே இல்லை. என்ன கத்தினேன், 'வா'வா, 'பா'வா என்று கேட்டேன்.

"எரடூ" என்றார். இரண்டும்.